அயிரை ஒப்புக்கொள்ளும் மணல்

திண்டுக்கல், மதுரைப் பக்கம் அயிரை என்றால் முதலில் குழம்புதான் நினைவுக்கு வரும். சந்தையில் வாளித் தண்ணீரில் உயிரோடு நெளிகிற அயிரையை வாங்கி வந்து பாலில் விடுவார்கள். வயிற்றில் இருக்கும் மண்ணை அது கக்கிய பிறகே சட்டிக்குப் போகும். மீன் தொட்டி வைக்கிறவன் கண்ணுக்கு அந்த மண்தான் முக்கியம். மண்ணை வாயில் அள்ளி, சலித்து, அதற்குள்ளேயே படுத்து வாழ்கிற மீன் இது. புதிதாகக் கண்ணாடித் தொட்டி வாங்கியவர், கடையில் தொங்கும் நீலக் கல், மஞ்சள் கல் பாக்கெட்டுகளைப் பார்க்கும் முன் ‘அயிரை இதற்குள் போகுமா?’ என்று ஒரு தடவை கேட்டுக்கொண்டால் போதும். தரைக்கு என்ன போடுவது என்பது அப்போதே முடிவாகிவிடும்.

அயிரை இரை தேடுவதைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டும். தலையைச் சாய்த்து முகத்தை மணலில் வைக்கும். வாயோரத்து மீசைகள் துழாவும். ஒரு வாய் மணல் உள்ளே போகும். அடுத்த நொடியே செவுள் மூடியின் விளிம்பில் அது மெலிதாகச் சொரிந்து விழும். தின்னத் தகுந்தது மட்டும் உள்ளே தங்கும். யாராவது கண்ணாடி அருகே சட்டென்று வந்தால் உடம்பை ஒரு சுழற்று சுழற்றி மணலுக்குள் இறங்கிவிடும். இரண்டு கண்கள் மட்டும் வெளியே நிற்கும். விரல் நீளம்கூட வராத மீன், பக்கவாட்டில் கரும்புள்ளிகள் வரிசையாக ஓடும், செதில் இருப்பதே தெரியாத வழவழப்பான தோல். இந்தத் தோலுக்கும் மீசைக்கும் பொருந்துகிற மணல்தான் நல்ல மணல்.

ஒரு சிட்டிகை ஆற்று மணலையும் ஒரு சிட்டிகை எம்-சாண்டையும் உள்ளங்கையில் வைத்து, கடிகாரக் கடைக்காரர் கண்ணில் மாட்டுகிற லென்ஸால் பாருங்கள். எம்-சாண்ட் ஜல்லி அடிக்கும் கிரஷரில் உடைந்து வந்தது. ஒவ்வொரு துணுக்கும் புதிதாகப் பிளந்த முகங்களோடு, ஓரங்கள் கூராக இருக்கும். கான்கிரீட்டில் சிமெண்டைப் பிடித்துக்கொள்ள அந்தக் கூர் உதவுகிறது. மீசைக்கும் வயிற்றுத் தோலுக்கும் ஆகாது. ஆற்று மணல் வெள்ளத்தில் உருண்டு வந்தது. முனைகள் மழுங்கியிருக்கும். கண்ணாடித் துளியாகத் தெரிவது குவார்ட்ஸ். பால் நிறத்திலோ இளஞ்சிவப்பிலோ இருப்பது ஃபெல்ட்ஸ்பார். எங்காவது ஒரு அடர்சிவப்புத் துளி மின்னினால் அது கார்னெட்டாக இருக்கலாம். காந்தத்தைக் காகிதத்துக்கு அடியில் வைத்து நகர்த்தினால் கறுப்பு மணிகள் சில எழுந்து கூடவே ஓடும்; அவை இரும்புத்தாது. மலைப்பாறை உடைந்து, ஓடையில் தேய்ந்து, சமவெளிக்கு வந்து சேர்ந்த வழி முழுவதும் அந்த ஒரு சிட்டிகையில் கிடக்கிறது. சாயம் பூசிய கல்லில் இது எதுவும் கிடையாது. அதன் மேல் பூச்சு உரிய ஆரம்பித்தால் தொட்டிக்குள் என்ன கரைகிறது என்பதும் நமக்குத் தெரியாது.

குடகனாற்றுப் படுகையிலோ சந்தனவர்த்தினியிலோ போய் மணலை அள்ளி வரக் கூடாது. அனுமதியில்லாமல் ஆற்று மணல் எடுப்பது குற்றம், ஆறுகளும் ஏற்கெனவே வற்றிக் கிடக்கின்றன. பழைய வீடு கட்டியபோது மிஞ்சி, யார் வீட்டுக் கொல்லையிலாவது கிடக்கும் ஆற்று மணல் போதும். இல்லாவிட்டால் தண்ணீர் ஃபில்டருக்குப் போடுகிற சலித்த குவார்ட்ஸ் மணல் வாங்கலாம். ஓரம் மழுங்கியதா என்று மட்டும் விரலில் தேய்த்துப் பார்க்க வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலத் தொட்டியில் நான்கு சென்டிமீட்டர் உயரத்துக்குப் பரப்ப ஏறக்குறைய 12 கிலோ பிடிக்கும். கழுவுவதில்தான் பொறுமை வேண்டும். வாளியில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு, கையால் கிளறிக் கிளறிக் கலங்கலை வடித்துக்கொண்டே இருக்க வேண்டும். கடைசித் தண்ணீரில் வாளியின் அடி தெளிவாகத் தெரிய வேண்டும். அரைகுறையாகக் கழுவினால் தொட்டி நாள்கணக்கில் மங்கிக் கிடக்கும்.

கல்லுக்கு வருவோம். பழனி மலைத்தொடர் நெடுகக் காணப்படும் கருங்கல் வகைக்கு சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் கிடக்கும் பலகைக்கல் சென்னைப் பகுதியிலிருந்து போனது. அதை ஆராய்ந்த புவியியலாளர் தாமஸ் ஹாலண்ட் 1893இல் அந்த வகைக்கு சார்னாக் பெயரையே வைத்தார். தமிழ்நாட்டுக் கல்லுக்கு உலகப் புவியியலில் ஒரு கல்லறை வழியாக இடம் கிடைத்தது. காய்ந்திருக்கும்போது இந்தக் கல் வெறும் சாம்பல்தான், யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். தண்ணீரில் போட்டதும் வேறு கல் ஆகிவிடுகிறது. உள்ளிருந்து கரும்பச்சையும் நீலமும் கலந்த ஒரு நிறம் எழும். உடைந்த முகத்தில் எண்ணெய் தடவிய மினுமினுப்பு. வெயிலும் மழையும் பட்ட பழைய பக்கத்தில் காவிப் பழுப்புத் தோல். ஒரே கல்லில் இரண்டு முகம். மீன்தொட்டிக்கென்று விற்கும் விலையுயர்ந்த இறக்குமதிக் கற்கள் பலவற்றைவிட இது எனக்கு மேலாகத் தெரிகிறது. வெள்ளையும் கறுப்புமாக வரி ஓடும் நீஸ் பாறையும் அழகுதான். ஆனால் இரண்டையும் ஒரே தொட்டியில் கலக்கக் கூடாது. ஒரே வகைக் கல்லில் பெரிது, நடுத்தரம், சிறிது என எடுத்து, எல்லாவற்றின் வரியும் ஒரே பக்கம் சாய்கிற மாதிரி வைத்தால், ஒரு பாறை அங்கேயே பிளந்து கிடக்கிற தோற்றம் வரும். திண்டுக்கல் மலைக்கோட்டைப் பாறையிலிருந்து ஒரு துண்டும் எடுக்காதீர்கள். அது தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. கல் உடைக்கும் இடத்தில் கழிவாகக் கிடக்கும் துண்டுகளே தாராளம்.

வெள்ளையாக இருக்கிறதே என்று மார்பிள் துண்டுகளையோ, வயலோரத்தில் கிடக்கும் சுக்கான் கல்லையோ எடுத்தால்தான் சிக்கல்; இரண்டும் சுண்ணாம்பு வகை. திண்டுக்கல் மாவட்டத்தில் சுண்ணாம்புக்கல் குறைவில்லாமல் இருக்கிறது. கரிக்காலியில் அதை நம்பியே சிமெண்ட் ஆலை இயங்குகிறது. சுண்ணாம்பு உள்ள கல்லா என்று பார்க்க, கையுறை போட்டுக்கொண்டு, பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டால் போதும். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. எலுமிச்சைச் சாறு வலு குறைந்தது, ஏமாற்றிவிடும். சொட்டு அப்படியே உட்கார்ந்திருந்தால் கல்லை நன்றாக அலசி உள்ளே வைக்கலாம்.

இங்கேதான் கல்லும் தண்ணீரும் ஒன்றையொன்று தொடுகின்றன. சுண்ணாம்புக்கல் எல்லாத் தண்ணீரிலும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை. கால்சியம் நிறைந்த போர் தண்ணீரில் அது பெரும்பாலும் சும்மா கிடக்கும். கரைவதற்கு அங்கே இடமில்லை. உப்புக் குறைந்த மென்மையான தண்ணீரில் அதே கல் மெல்ல மெல்லக் கரைந்து, கடினத்தன்மையையும் பிஹெச் அளவையும் ஏற்றிக்கொண்டே போகும். அதனால் கல் வாங்கும் முன் குழாயைத் திறந்து, எந்தத் தண்ணீர் வருகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

திண்டுக்கல்காரர்களுக்கு இது புதிதல்ல. ஆத்தூர் காமராஜர் அணையிலிருந்து வருவது, வைகையின் பேரணையிலிருந்து வருவது, காவிரிக் கூட்டுக் குடிநீர், தெருவுக்குத் தெரு போர் தண்ணீர் என்று ஒரே ஊருக்குள் இத்தனை. மலையிலிருந்து இறங்கி அணையில் நிற்கும் நீர் பாறையோடு அதிக நாள் பழகாதது, பொதுவாக உப்புக் குறைவு. போர் தண்ணீர் பாறை வெடிப்புகளில் பல காலம் தேங்கி, அங்கிருப்பதையெல்லாம் கரைத்துக்கொண்டு வருவது. பாத்திரத்தில் வெள்ளைப் படலம் விடுவது அதுதான். தோல் பதனிடும் ஆலைகளைச் சுற்றிய பகுதிகளில் நிலத்தடி நீர் கெட்டிருப்பது ஊரறிந்தது. அந்தத் தண்ணீரைத் தொட்டிக்கு எடுக்கவே வேண்டாம். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி, வீட்டுக்கு வரும் தண்ணீரை அளந்து குறித்துக்கொள்வது நல்லது. குடிநீருக்கு இந்தியத் தரநிலை ஏற்கத்தக்கது என்று சொல்வது லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை. வேறு வழியில்லாதபோது 2000 வரை அனுமதி. கப்பியும் மோலியும் கடினமான தண்ணீரில் நன்றாகவே வாழும். மற்ற மீன்களுக்கு, போர் தண்ணீரில் ஆர்ஓ நீரோ சேமித்த மழைநீரோ கலந்து இறக்கலாம். வெறும் ஆர்ஓ நீரை மட்டும் ஊற்றக் கூடாது. பிஹெச் அளவைத் தாங்கிப் பிடிக்கும் உப்புகள் அந்த நீரில் இல்லாததால் பிஹெச் திடீரென்று சரியும்.

குழாய்த் தண்ணீரில் குளோரின் இருக்கும். வீட்டுக் குழாயில் லிட்டருக்கு குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும் என்பது விதி. நம்மைக் காக்கும் அந்த அளவு மீனின் செவுளையும் தொட்டியின் பாக்டீரியாவையும் தாக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்தாலே பெரும்பகுதி போய்விடும். அவசரத்துக்கு ஆன்டி-குளோரின் சொட்டு மருந்து. அதில் இருப்பது பெரும்பாலும் சோடியம் தயோசல்பேட், அந்தக் கால ஸ்டூடியோ இருட்டறையின் ‘ஹைப்போ’தான். 60 லிட்டரில் லிட்டருக்கு 0.5 மில்லிகிராம் குளோரின் இருந்தாலும் அதை முறிக்கக் கால் கிராம் படிகம்கூட வேண்டாம். உப்பையோ கடினத்தன்மையையோ இந்த மருந்து தொடாது. போர் தண்ணீருக்கும் ஒரு நாள் காத்திருப்பு நல்லது: மண்ணுக்கடியில் அதில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறும்போது பிஹெச் அளவு ஏறும். ஏறி நின்ற பிறகு அளந்தால்தான் உண்மையான அளவு.

அடுக்கும்போது கல் முதலில், மணல் பிறகு. கண்ணாடி அடித்தளத்தில் மெல்லிய தெர்மாகோல் போட்டுக் கல்லை அசையாமல் உட்கார வைத்து, சுற்றிலும் மணலைப் பரப்ப வேண்டும். மணல் மேல் கல்லை வைத்தால் அயிரை அடியில் குடைந்துகொண்டே போகும். ஒரு நாள் கல் சாய்ந்து மீன் மாட்டிக்கொள்ளும். பிறகு தண்ணீரை ஒரு தட்டின் மேல் மெல்ல ஊற்றி, ஃபில்டரை ஓட விட்டு, நான்கு முதல் ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். தெளிந்த தண்ணீர் தயாரான தண்ணீர் ஆகிவிடாது. அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், அதை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் மணல்மணிகளிலும் கல்லின் சொரசொரப்பிலும் ஃபில்டர் ஸ்பான்ஜிலும் குடியேற அவ்வளவு நாளாகும். அந்தக் குடியேற்றத்துக்கும் சேர்த்துத்தான் இவ்வளவு நேரம் மணலும் கல்லும் பொறுக்கினோம். நண்பர் வீட்டுப் பழைய ஸ்பான்ஜைப் பிழிந்து விட்டால் சீக்கிரம் ஆகும்.

சித்திரை, வைகாசி வெயிலில் தொட்டிக்கு இரண்டு கஷ்டம். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும் தண்ணீர், 30 டிகிரியில் ஏழரைதான் தாங்கும். ஏர் பம்பை நிறுத்தவே கூடாது. இன்னொன்று, நீர்மட்டம் கண்ணெதிரே இறங்கும். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். அதில் மறுபடி போர் தண்ணீரை ஊற்றினால் உப்பு வாரா வாரம் ஏறும். கண்ணாடியில் நீர்மட்டக் கோட்டுக்கு மேலே வெள்ளை விளிம்பு படிவதைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். குறைந்ததை நிரப்ப ஆர்ஓ நீர் அல்லது மழைநீர். வாரம் ஒரு முறை கால் பங்கு தண்ணீர் மாற்றும்போது, ஆரம்பத்தில் ஊற்றிய அதே கலவை.