காசநோய் பரம்பரை நோயா?

எலும்புருக்கி, சயம் என்னும் பழம்பெயர்கள் கண்ணாற் கண்டதைச் சொல்வன. உடல் உருகுகிறது, தேய்கிறது. ‘பரம்பரை நோய்’ என்பதோ கண்டதன்று, ஊகித்தது. ஆயினும் பெட்டாலிங் ஜெயாவிலும் கிள்ளானிலும் பெண் கேட்கச் செல்வோருள் சிலர், “அந்த வீட்டில் காசம் உண்டாமே” என்று பின்வாங்குவது இன்னும் முற்றாக ஒழியவில்லை.

இவ்வூகம் எழுந்த வகை எளிதில் விளங்கும். தோட்டத்து லயங்களில் ஓரறையில் ஒரு குடும்பமே படுத்துறங்கியது. முதலில் தந்தை இருமினார். சில ஆண்டு கழித்து மகன் இருமினான். காற்றைக் காணாதவர்கள் இரத்தத்தைக் குறை கூறினர். 1882இல் ராபர்ட் கோக் கிருமியைக் கண்டு காட்டிய பின்னும் அவ்வெண்ணம் நீங்கவில்லை.

சென்னையில் 1956இல் தொடங்கிய ஆய்வு இங்கு நினைக்கத்தக்கது. நோயாளருள் ஒரு சாராருக்குச் சானடோரியத்திலும், மறு சாராருக்கு நெரிசல் மிக்க அவர்தம் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்து கொடுக்கப்பட்டது. வீட்டிலிருந்தோரும் ஏறத்தாழ அவ்வளவே குணமடைந்தனர். அவர்தம் உறவினரிடையே நோய் மிகவுமில்லை. மரபுக்குப் பங்கில்லை என்று இவ்வாய்வு நிறுவவில்லை. அது அதன் நோக்கமும் அன்று. மருந்து தொடங்கிய பின் ஒரு கூரையின்கீழ் வாழ அஞ்ச வேண்டுவதில்லை என்பதையே காட்டிற்று. ஆகவே, சம்பந்தம் பேசுவோர் கேட்கத்தக்கது ‘யாருக்கு வந்தது’ என்பதன்று. ‘மருந்தை முழுக் காலமும் உண்டு முடித்தாரா’ என்பதே.

இனி, மரபுக்கு இதில் இடமே இல்லையென மறுப்பாரும் தவறுவர். பிரிட்டனில் இரட்டையரை ஆராய்ந்தபோது, ஒருவருக்கு நோய் கண்டால் மற்றவருக்கும் காணும் அளவு, ஒரே கருவிற் பிறந்தாரிடத்து ஏனை இரட்டையரினும் ஏறத்தாழ இரு மடங்காக இருந்தது. ஆயின், அவர்களுள்ளும் பெரும்பாலோரிடத்து மற்றவர் தப்பினார் என்பதை மறத்தல் கூடாது. தென்னிந்திய நோயாளரிடையே எச்.எல்.ஏ. டி.ஆர்.2 என்னும் மரபுக்கூறு மிகுந்திருந்ததும் உண்மை. வழிவருவது நோயன்று, கிருமியை எதிர்க்கும் ஆற்றலின் ஏற்றத்தாழ்வே.

சான்று காட்டுவோர் 1930இல் செருமனியின் லூபெக் நகரில் நேர்ந்ததையும் எடுத்துரைப்பர். நோய்க்கிருமி கலந்த தடுப்பு மருந்தை உண்ட சுமார் 250 குழந்தைகளுள் 70க்கு மேற்பட்டவை இறந்தன, ஏனையவை பிழைத்தன. பிறவி ஆற்றலே காத்தது என்பர். எல்லாக் குழந்தைகளும் உண்ட கிருமியின் அளவு ஒன்றன்று. அதைச் சொல்லாது விடுவது நேர்மையாகாது.

சார்க்கண்டில் நடந்து 2023இல் வெளிவந்த ஆய்வில், நோயாளரின் வீட்டார்க்கும் மாதந்தோறும் உணவுப்பொருள் வழங்கினர். வழங்கப்பெறாத வீட்டாரினும் இவர்களிடையே புதிய காசநோய் 39 விழுக்காடு குறைந்தது.