கோப்பு மாற்றமும் வடிவ இழப்பும்: மட்டக்களப்புக் கூத்துப் பிரதிகளை முன்வைத்து ஒரு நோக்கு

உருவமா, உள்ளடக்கமா என்னும் வினா ஈழத்துத் தமிழ்த் திறனாய்வில் நீண்ட காலமாக விவாதிக்கப்பட்டு வந்துள்ளது. உள்ளடக்கத்தின் முதன்மையை வலியுறுத்திய முற்போக்கு விமரிசனம் உருவத்தைப் புறக்கணித்துவிட்டது என்னும் குற்றச்சாட்டும் அவ்விவாதத்தின் ஒரு பகுதியேயாகும். அவ்வினா இன்று எதிர்பாராத ஓரிடத்தில், கணினியிற் கோப்பொன்றை ஒரு வடிவிலிருந்து இன்னொரு வடிவிற்கு மாற்றிச் சேமிக்கும் வேளையில், மீண்டும் எழுகின்றது. எழுத்துகள் எஞ்சியிருக்கின்றன, அமைப்பு மட்டுமே போயிற்று என்று நாம் ஆறுதல் கொள்கின்றோம். அவ்வாறுதல் எவ்வளவு தூரம் நியாயமானது என்பதை மட்டக்களப்புக் கூத்துப் பிரதிகளைக் கொண்டு நோக்குவோம்.

வாவியின் இரு கரைகளிலும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், கூத்துப் பிரதி என்பது வாசகனுக்கென எழுதப்பட்ட நூலாக இருந்ததில்லை. சட்டங்கொடுத்தல் என்னும் நிகழ்ச்சியில் ஒவ்வொரு கூத்தனும் தனக்குரிய பகுதியையே பெற்றான். முழுமை அண்ணாவியாரிடமும், வட்டக்களரியில் ஒன்றுகூடிய ஊரிடமுமே இருந்தது. பிரதியின் அமைப்பு உற்பத்தியின் அமைப்பைப் பிரதிபலித்தது எனலாம். 1962 இல் பேராசிரியர் சு. வித்தியானந்தன் ‘அலங்காரரூபன்’ நாடகத்தைப் பதிப்பித்து வெளியிட்டார். 1960களில் அவரது முயற்சியாற் பேராதனையில் கூத்து வட்டக்களரியிலிருந்து ஒருபக்கம் பார்க்கும் மேடைக்கும், விடியும்வரை ஆடும் நிலையிலிருந்து குறுகிய நேரத்துக்கும் மாற்றப்பட்டது. அம்மாற்றத்தினாற் கூத்து புதிய பார்வையாளரைப் பெற்றது. அதேவேளை சுற்றியிருந்த ஊர் முன்னிருக்கும் சபையாயிற்று.

ஊடக மாற்றம் அனைத்தும் இழப்பே என்பது எமது வாதமன்று. ஏட்டுச்சுவடிகளிற் பெரும்பாலும் புள்ளியில்லை. செய்யுளின் அடிகள் பிரிக்கப்படவில்லை. குறில் எகர ஒகரமும் நெடில் ஏகார ஓகாரமும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. சி. வை. தாமோதரம்பிள்ளை போன்ற பதிப்பாசிரியர்கள் அச்சுக்குக் கொணர்ந்தபோது, ஏட்டில் இல்லாத அமைப்பொன்றைப் பிரதிக்கு வழங்கினர். ஆயின் அங்கு மாற்றத்தைச் செய்தவர் பிரதியைப் படித்தறிந்த மனிதர். இன்றைய மாற்றத்தை அறியாப் பொறியொன்று செய்கின்றது. வேறுபாடு இவ்விடத்திலேதான் உள்ளது.

ஈழத்துத் தமிழ்க் கணினிப் பயன்பாட்டிற் பாமினி எழுத்துரு பல்லாண்டுகள் செல்வாக்குப் பெற்றிருந்தது. ரோம எழுத்துகளுக்குரிய இடங்களிலே தமிழ் வரிவடிவங்களை அமர்த்தியமையே அதன் உத்தி. எனவே கணினியைப் பொறுத்தவரை அக்கோப்பிலே தமிழ் என ஒன்றில்லை; பொருளற்ற ரோம எழுத்துகளின் வரிசையே உண்டு. தமிழாகத் தோன்றுவது எழுத்துரு என்னும் அலங்காரத்தால் மட்டுமே. அக்கோப்பை வெறும் உரைக்கோப்பாகச் சேமித்தால், தடித்த எழுத்துக்கும் ஓர வெளிக்கும் முன்னதாக முதலில் உதிர்வது தமிழேயாகும். உருவம் போனாலும் உள்ளடக்கம் தங்கும் என்னும் நம்பிக்கைக்கு இதனைவிடக் கடுமையான மறுப்பு வேண்டியதில்லை.

1991 முதல் தமிழுக்கும் இடமளித்த ஒருங்குறி இக்குறையை அடிப்படையில் நீக்கிற்று. அதிலே தமிழ் எழுத்து, எழுத்துருவில் தங்கியிராது, தனக்கெனத் தனிக் குறியெண் பெற்றது. பாமினியிற் கொம்பு கண்ணுக்குத் தெரியும் ஒழுங்கில் மெய்க்கு முன்னே நிற்க, ஒருங்குறியில் ஒலியொழுங்கிற்கிணங்க மெய்க்குப் பின்னே நிற்கின்றது. மாற்றுங் கருவிகள் இவ்வொழுங்கைச் சீர்செய்கின்றன. ஆயினும் வெட்டி ஒட்டிய உரையை ஏற்கும் கருவிகள் பல, எழுத்துகளைக் காத்து ஏனைய அமைப்பைக் கைவிடுகின்றன. கட்டுரையினிடையே வரும் ஆங்கிலத் தொடர்களும் பாமினியெனக் கருதப்பட்டுப் பொருளற்ற தமிழாகிவிடுவதுண்டு.

எமது அனுபவம் ஒன்றை இங்கு குறிப்பிடுதல் பொருந்தும். படுவான்கரைக் கிராமமொன்றில் நாம் பெற்ற கூத்துக் கொப்பியைப் பாமினியிற் தட்டச்சிட்டோம். பாத்திரத்தின் பெயர் தடித்த எழுத்தில்; விருத்தம், தரு என்னும் குறிப்புகள் நடுவில்; பிற்பாட்டுக்காரர் திருப்பிப் பாடும் அடிகள் உள்ளொதுக்கி. பின்னர் அதனை ஒருங்குறிக்கு மாற்றி, உரைக்கோப்பாகச் சேமித்தோம். எழுத்துகள் அனைத்தும் பிழையின்றி இருந்தன. ஆனால் உள்ளொதுக்கம் மறைந்தமையாற் பிற்பாட்டு அரசனின் பாட்டோடு கலந்தது. பின்னர் மெய்ப்புப் பார்த்தவேளை, ஒரே அடி இருமுறை வருவதைத் தட்டச்சுப் பிழையெனக் கருதி நாமே நீக்கினோம். மூலக் கொப்பியோடு ஒப்பிட்டபோதே தவறு புலப்பட்டது.

நீக்கப்பட்டது யாருடைய குரல்? பிற்பாட்டு என்பது கூத்தனின் தனிக்குரலைக் களரியிலுள்ள கூட்டம் தனதாக்கிக் கொள்ளும் இடம். அரசனின் வரி நிலைத்தது. கூட்டத்தின் வரி மிகையாகிப் போயிற்று. இதனை யாரும் திட்டமிடவில்லை. எனினும் தனிமனித ஆசிரியனையும் தொடர்ச்சியான வாசிப்பையும் இயல்பென ஏற்றுக்கொண்ட கருத்துநிலையே, திரும்ப வருவதைப் பிழையென எம்மைக் காணச் செய்தது. பொறி வெற்றிடத்தை நீக்கிற்று. அவ்வெற்றிடத்திற்குப் பொருள் இருந்ததை மறந்தவர் நாமே.

இதற்குப் பொருளாதார அடிப்படையொன்றும் உண்டு. சொற்செயலிக் கோப்பின் வடிவம் நெடுங்காலம் அதனைத் தயாரித்த நிறுவனத்தின் உடைமையாக இருந்தது. நாம் எழுதியதை நாமே திறப்பதற்கு அவர்களது மென்பொருள் வேண்டியிருந்தது. திறந்த ஆவண வடிவம் 2006 இல் சர்வதேச நியமமாகியமை இவ்வுடைமையைத் தளர்த்திய முக்கிய நிகழ்ச்சி. எனினும் நியமம் மட்டும் போதாது. பாத்திரப் பெயரைக் கையால் தடிப்பாக்கினால் அது தோற்றம் மட்டுமே. “பாத்திரம்”, “தரு”, “பிற்பாட்டு” எனப் பாணிகளுக்குப் பெயரிட்டு எழுதினால் அப்பெயர்கள் அவற்றை ஏற்கும் வடிவங்களுக்குக் கோப்போடு செல்லக்கூடும். உரைக்கோப்பே வேண்டுமெனின், பிற்பாட்டு என்பதை வெற்றிடத்தால் அன்றிச் சொல்லாலேயே எழுதிவிடல் வேண்டும். மூலக் கோப்பையும் கொப்பியின் படிமத்தையும் அருகே பேணுதல் இன்றியமையாதது.

உருவம் உள்ளடக்கத்தின்மேற் போர்த்த ஆடையன்று. மனிதர் ஒருவரோடொருவர் கொண்ட உறவு பிரதியிற் படிந்த தடம். அதனை அலங்காரமென ஒதுக்கும் விமரிசனம், முற்போக்கு எனத் தன்னை அழைத்துக்கொண்டாலும், களரியின் பாதிக் குரலை இழந்தே நிற்கும்.