பீரோ சாவி யாரிடம்?

தஞ்சை மாவட்டத்துப் பாபநாசத்துக்குத் தெற்கே ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்குப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம். தலைமையாசிரியர் பீரோவைத் திறந்து தீர்மானப் புத்தகத்தை எடுத்து வைத்தார். நடவு வயலிலிருந்து நேரே வந்த நான்கைந்து பெண்கள், சேலை விளிம்பில் காய்ந்த சேற்றோடு பிள்ளைகளின் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். குழுத் தலைவியும் அவர்களில் ஒருவர். அந்த மாதத்துக்கான கூட்டப் பொருள்கள் சுற்றறிக்கையாக வந்திருந்தன. ஒவ்வொன்றாக வாசித்தார்கள், தலையாட்டினார்கள், கையெழுத்துப் போட்டார்கள். எல்லாம் முடிந்த பிறகு தலைவி கேட்டார்: "சார், பாத்ரூம் மோட்டாரு போன மாசமே சொன்னோமே?"

"செயலியில ஏத்தியாச்சும்மா. மேலேருந்து வரணும்."

புத்தகம் பீரோவுக்குள் போனது.

இந்தக் குழுவுக்கு வேர் 2009-ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம். அதன் 21-ஆம் பிரிவு, உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும் என்கிறது. தமிழ்நாட்டில் அது நெடுங்காலம் காகிதத்தில்தான் இருந்தது. 2022-இல்தான் ஊரைக் கூட்டி, 20 பேர் கொண்ட குழுக்களாகப் புதிதாக அமைத்தார்கள். 2024-இல் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்து 24 பேராக்கினார்கள்.

இதைச் சடங்கு என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் காவிரி டெல்டாவில் யார் எந்த நாற்காலியில் உட்கார்ந்தார்கள் என்பதற்குத் தனி வரலாறு உண்டு. பள்ளிக்கு இடம் கொடுத்தவர், கட்டடத்துக்குக் கல் வைத்தவர், ஆண்டுவிழாத் தலைவர் என்று எல்லாம் நிலம் உள்ளவர்களாகவே இருந்த ஊர்கள் இவை. கூலி கேட்ட தலித் குடும்பங்களைக் குடிசையோடு எரித்த கீழ்வெண்மணி நடந்து அறுபது ஆண்டுகூட ஆகவில்லை. அப்படிப்பட்ட மண்ணில் கூலிக்கு நாற்று நடும் ஒரு தாய், தலைமையாசிரியருக்கு எதிரே உட்கார்ந்து "போன மாசமே சொன்னோமே" என்று கேட்பது சின்ன விஷயம் இல்லை. எந்தப் பிள்ளை பெற்றோரோடு திருப்பூருக்குப் போய்விட்டது, எந்தப் பிள்ளை பாட்டி வீட்டில் இருக்கிறது என்பது வட்டாரக் கல்வி அலுவலருக்கு முன்னால் இவர்களுக்குத் தெரியும். காலை உணவில் உப்புக் கூடிப்போனாலும் அப்படித்தான்.

கும்பகோணத்தை நினைக்காமலும் இருக்க முடியவில்லை. 2004 ஜூலை 16 அன்று அங்கே ஒரு தனியார் பள்ளித் தீயில் 94 குழந்தைகள் எரிந்து போனார்கள். அந்த ஓலைக்கூரையைப் பற்றியும் குறுகலான படிக்கட்டைப் பற்றியும் உள்ளே போய்க் கேட்கும் சட்டப்பூர்வமான இடம் அன்று எந்தப் பெற்றோருக்கும் இல்லை. இன்றும் அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளுக்கு மேலாண்மைக் குழு கட்டாயமில்லை. 21-ஆம் பிரிவு அவற்றை விட்டுவிட்டது. டெல்டாக்காரர்களைப் பொறுத்தவரை சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான் என்பேன்.

கேட்கும் உரிமை கிடைத்தது. செலவு செய்யும் உரிமை?

சமக்ர சிக்ஷா திட்டத்தில் ஒவ்வொரு பள்ளிக்கும் ஆண்டுதோறும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் வருகிறது. 30 பிள்ளைகள் வரை 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. அதற்கு மேல் 250 வரை 50,000. ஆயிரம் பேர் வரை 75,000. இதில் பத்தில் ஒரு பங்கு தூய்மைப் பணிக்கு. மேலாண்மைக் குழு கையெழுத்துப் போடும் பணத்தில் முக்கியமானது இதுதான். 30 பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு, 220 வேலைநாள் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளைக்கு 45 ரூபாய் விழுகிறது. தஞ்சாவூர் பழைய பேருந்து நிலையத்தில் மூன்று பேர் டீ குடிக்கலாம். சாக்பீஸ், துடைப்பம், பினாயில், பதிவேடு எல்லாம் இதற்குள் அடங்க வேண்டும். மோட்டார் ரிப்பேர் எங்கே நுழையும்?

படிநிலையும் விசித்திரமானது. 30-ஆம் பிள்ளையோடு நின்றால் தலைக்கு 333 ரூபாய். 31-ஆவது பிள்ளை சேர்ந்த அன்றே தலைக்கு 806. நூறு பேர் இருந்தால் 250 ரூபாயாகச் சரியும். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் சேர்க்கை தேய்ந்துவரும் காலத்தில், ஒரே ஒரு குடும்பம் பிள்ளையை வேன் வைத்திருக்கும் பள்ளிக்கு மாற்றினால் பள்ளியின் பணம் பாதிக்கு மேல் போய்விடும். இந்தக் கணக்கைப் போட்டவர் இரண்டு ஆசிரியர் பள்ளி ஒன்றில் ஒரு வாரம் இருந்திருந்தால் வேறு மாதிரி போட்டிருப்பார்.

இந்தச் சிறு தொகையின் மூலமும் அடிக்கடி வறண்டு போகிறது. தேசியக் கல்விக் கொள்கையோடு பிணைத்த பிஎம் ஸ்ரீ திட்டத்தில் தமிழ்நாடு கையெழுத்திட மறுத்ததால், 2024–25-க்குச் சேர வேண்டிய 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. 2025-இல் மாநில அரசு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. ஏற்காத கல்விக் கொள்கைக்கு விலையாகப் பணத்தை நிறுத்துவது முறையல்ல என்பது என் கட்சி. ஆனால் டெல்லிக்கும் சென்னைக்கும் இடையிலான இந்த வழக்கைப் பற்றி எந்தத் தீர்மானப் புத்தகத்திலும் ஒரு வரி இல்லை. யாரும் கேட்கவில்லை, கேட்டால் சொல்ல அவர்களுக்கு இடமும் இல்லை.

எப்போதும் இப்படி இருந்ததில்லை. 1920-ஆம் ஆண்டின் சட்டங்கள் ஜில்லா போர்டுகளுக்கும் தாலுகா போர்டுகளுக்கும் பள்ளி நடத்தும் பொறுப்பையும், ஆரம்பக் கல்விக்கு வரி போடும் அதிகாரத்தையும் கொடுத்தன. தஞ்சை ஜில்லா போர்டின் கையில் மராட்டிய மன்னர்கள் விட்டுப்போன சத்திரங்களின் வருமானமும் இருந்தது. சர் ஏ. டி. பன்னீர்செல்வம் போர்டுத் தலைவராக இருந்தபோது அந்த வருமானத்தில் நடந்த ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளில் பார்ப்பனரல்லாத பிள்ளைகளுக்கும் சோறு கிடைத்தது. வடமொழிக்கென்றே நடந்துவந்த திருவையாற்றுக் கல்லூரிக்குள் தமிழ் வித்துவான் படிப்பு நுழைந்தது. கரந்தைத் தமிழ்ச் சங்கத்து உமாமகேசுவரனார் தஞ்சைத் தாலுகா போர்டின் தலைவராக இருந்து ஊர் ஊராகப் பள்ளி திறந்தார். தலைமை, பணம், பாடம் மூன்றும் மாவட்டத்துக்குள்ளேயே முடிவான காலம் அது.

இதைச் சொல்லும்போதே கை தயங்குகிறது. பன்னீர்செல்வத்துக்கு முன்னால் அதே சத்திரப் பணத்தைப் பார்ப்பனப் பிள்ளைகளுக்கே செலவிட்டதும், அதே கல்லூரியை வடமொழிக்கு மட்டும் வைத்திருந்ததும் அதே போர்டுதான். வரி கட்டுகிறவர்களுக்கு மட்டுமே வாக்கு. ஆக, போர்டு என்பது பெரும்பாலும் மிராசுதார் கூட்டம். நல்லவர் கையில் விழுந்தபோது தமிழ் உள்ளே வந்தது. வேறொருவர் கையில் விழுந்திருந்தால் என்ன வெளியே போயிருக்கும்? 1958-ஆம் ஆண்டுப் பஞ்சாயத்துச் சட்டத்துக்குப் பின் ஜில்லா போர்டுகள் மறைந்தன, தொடக்கப் பள்ளிகள் ஒன்றியங்களுக்கு வந்தன. 1981-இல் ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் அரசு ஊழியர்களானார்கள். சம்பளம் நிச்சயமானது, உள்ளூர்ப் பெரியவர்களின் தொல்லை குறைந்தது. அதோடு ஒன்றியத்தின் பிடியும் போனது. பெயர்ப்பலகையில் மட்டும் "ஊராட்சி ஒன்றியம்" மிச்சம்.

அதனால்தான் பாடத்திட்டத்தை உள்ளூருக்கு இறக்க வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடில்லை. 2011 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சமச்சீர்க் கல்வியை நிலைநாட்டியதும், 2018-இலிருந்து பேராசிரியர் அனந்தகிருஷ்ணன் குழு வழிகாட்டிய புதிய பாடநூல்கள் வந்ததும் திருத்துறைப்பூண்டிப் பிள்ளைக்கும் தி.நகர்ப் பிள்ளைக்கும் ஒரே புத்தகத்தைத் தந்தன. நெல் விளையும் ஊர்ப் பிள்ளைக்கு நெல்லைப் பற்றிய பாடம் போதும் என்று யாராவது கிளம்பினால், அது அப்பன் தொழிலையே பிள்ளை கற்கட்டும் என்ற குலக்கல்வியின் வாசனைதான். புத்தகம் சென்னையிலேயே எழுதப்படட்டும். அங்கேயும் நிதானம் வேண்டும் என்பது வேறு விஷயம்: பதினொன்றாம் வகுப்புக்கு 2017-இல் பொதுத்தேர்வு அறிவித்தார்கள், 2025-இல் எடுத்துவிட்டார்கள்.

பணமும் நாள்காட்டியும் அப்படி இல்லை. மானியத்தைப் பள்ளிவாரியாகச் சில்லறையாக்காமல் ஒன்றிய அளவில் ஒரு தொகுப்பாக வைத்து, அந்த ஒன்றியத்துக் குழுத் தலைவிகள் கூடி எந்தப் பள்ளிக்கு மோட்டார், எந்தப் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் என்று பிரித்துக்கொள்ளலாம். தஞ்சை மாவட்டத்தில் 14 ஒன்றியங்கள். செய்து பார்க்க முடியாத எண் இல்லை. சண்டை வரும், வரட்டும். அரசியல் கட்சிக்காரர்கள் நுழைவார்கள் என்ற பயமும் நியாயமானதே. ஆனால் கணக்கு ஊராட்சிச் சுவரில் எழுதிப் போடப்பட்டால், இன்று பீரோவுக்குள் பூட்டிக் கிடப்பதைவிட மோசமாகாது.

நாள்காட்டியின் கதை இன்னும் எளிது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவில் மழை. ஆட்சியர் காலையில் விடுமுறை அறிவிப்பார், விட்டுப்போன நாள்களைச் சனிக்கிழமைகளில் ஈடுகட்டுவார்கள். அரையாண்டுத் தேர்வு அட்டவணை கோயம்புத்தூருக்கும் வேதாரண்யத்துக்கும் ஒன்றாக வரும், ஒத்திவைப்பதானாலும் சென்னையிலிருந்துதான். குழுக் கூட்டமும் அப்படியே. மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டால், வெள்ளிக்கிழமை மூன்று மணி என்பது ஒரு தாய்க்கு அரைநாள் கூலி.

அன்றைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்த ஓர் அம்மா அடுத்த கூட்டம் எப்போது என்று கேட்டார். தலைமையாசிரியர் தேதி சொன்னார். "அன்னைக்கு எங்களுக்கு நடவாச்சே சார், ஞாயித்துக்கிழமை வெச்சுக்கலாமா?" என்றார். தலைமையாசிரியர் நல்ல மனிதர்தான். கொஞ்ச நேரம் சுற்றறிக்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "தேதி நான் போடறதில்லம்மா," என்றார்.