கல்விச் செய்திகளில் 'கட்டாயமும்' 'நீக்கமும்': மூலப்பொருள் திரியும் இடங்கள்

1. முன்னுரை

பள்ளிக் கல்வி பற்றிய பொது விவாதங்கள் நம் நாட்டில் பெரும்பாலும் மூல ஆவணங்களைக் கொண்டு நிகழ்வதில்லை. அவ்வாவணங்களைப் பற்றிய செய்திகளைக் கொண்டே நிகழ்கின்றன. கொள்கையறிக்கையோ அரசாணையோ ஆங்கிலத்திலோ ஒரு மாநில மொழியிலோ எழுதப்படுகிறது. அதன் சுருக்கம் ஆங்கிலச் செய்தியாகிறது. அச்செய்தி பிற மொழிகளில் பெயர்க்கப்படுகிறது. பெயர்ப்பின் தலைப்பு விவாதப் பொருளாகிறது. இவ்வரிசையில் மூலப்பொருள் திரிவதற்கு அரசியல் சார்பையும் கவனக்குறைவையும் காரணமாகக் காட்டுவது வழக்கம். அவை காரணங்களே என்பதில் ஐயமில்லை. எனினும், நல்லெண்ணமும் கவனமும் உடைய பெயர்ப்பாளர் கையிலும் இத்திரிபு நிகழ்வதால், அதற்கு மொழியமைப்புச் சார்ந்த காரணம் உண்டா என்று ஆராய்வது தேவையாகிறது.

2019 முதல் 2025 வரை எழுந்த மூன்று விவாதங்களை இக்கட்டுரை எடுத்துக்கொள்கிறது. விதியின் வலு, விதியின் எல்லை, கூற்றுக்கு உரியவர் ஆகிய மூன்று கூறுகளே செய்தியாக்கத்தில் முதலில் உதிர்கின்றன என்பதும், தவறான செய்தியை மறுப்போரும் பெரும்பாலும் மூலத்துக்குத் திரும்பாமல் தலைப்பையே மறுக்கின்றனர் என்பதும் இங்கு நிறுவப்படும். சான்றாகத் தரப்படும் தலைப்பு வடிவங்கள் குறிப்பிட்ட நாளிதழ்களிலிருந்து எடுக்கப்பட்டவை அல்ல. அவ்வகைத் தலைப்புகளின் அமைப்பைக் காட்டும் மாதிரிகளே.

2. தலைப்பின் இலக்கணம்

தமிழ்ச் செய்தித் தலைப்பு பெயர்ப் பயனிலையை விரும்புவது. கட்டாயம், நீக்கம், ரத்து, அறிமுகம், எதிர்ப்பு போன்ற சொற்களில் தலைப்பு முடிகிறது. இவை காலம் காட்டுவதில்லை. செய்தவர் யார் என்பதையும் காட்டுவதில்லை. 'மூன்றாம் மொழி கட்டாயம்' என்னும் தொடரில், ஆணை பிறப்பிக்கப்பட்டதா, குழுவொன்று பரிந்துரைத்ததா, கட்டாயமாகுமென ஒருவர் அஞ்சுகிறாரா என்பதற்கு வடிவில் சான்று இல்லை.

ஆங்கிலத் தலைப்பும் சுருங்கியதே. ஆனால் அதில் 'மே', 'டு' போன்ற தனிச்சொற்கள் தங்கி, இயலக்கூடியது, இனி நிகழவிருப்பது என்னும் பொருள்களைக் குறைந்த இடத்தில் காட்டிவிடுகின்றன. தமிழில் இப்பொருள்களைத் தரும் '-லாம்', 'வேண்டும்', 'கூடும்' ஆகியவை வினையைச் சார்ந்து அதன்பின் வருவன. வினை நீங்கிப் பெயர் நிற்கும்போது அவையும் உடன் நீங்குகின்றன. எனவே ஆங்கிலத் தலைப்பைச் சொல்லெண்ணிக்கை மாறாமல் பெயர்ப்பவர், தாம் அறியாமலே ஐயத்தைத் துணிபாக்கிவிடுகிறார்.

3. 'இயன்ற இடங்களில்' என்னும் அடை

2020 ஜூலை 29 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த தேசியக் கல்விக் கொள்கையின் 4.11ஆம் பத்தி பயிற்றுமொழி பற்றியது. குறைந்தது ஐந்தாம் வகுப்பு வரையிலும், விரும்பத்தக்க நிலையில் எட்டாம் வகுப்பு வரையிலும் அதற்கு மேலும், வீட்டுமொழி, தாய்மொழி, உள்ளூர் மொழி, வட்டார மொழி ஆகியவற்றுள் ஒன்று பயிற்றுமொழியாக இருக்கும் என்பது அதன் கருத்து. இக்கருத்தைக் கூறும் தொடர் 'இயன்ற இடங்களில்' என்னும் பொருளுடைய அடையுடன் தொடங்குகிறது. செய்தியில் இது 'ஐந்தாம் வகுப்பு வரை தாய்மொழிக் கல்வி கட்டாயம்' என்னும் வடிவம் பெற்றபோது இரண்டு இழப்புகள் நேர்ந்தன.

முதலாவது, அடையின் இழப்பு. இவ்வகை அடை 2020இல் புதிதாகத் தோன்றியதன்று. 1956இல் ஏழாம் திருத்தத்தின் வழி அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட 350-அ பிரிவு, மொழிச் சிறுபான்மைக் குழந்தைகளுக்குத் தொடக்க நிலையில் தாய்மொழிவழிக் கல்விக்கான வசதி செய்து தருவதை மாநிலத்தின் முயற்சியாகவே கூறுகிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 29ஆம் பிரிவில், பயிற்றுமொழி 'நடைமுறைக்கு இயன்றவரை' குழந்தையின் தாய்மொழியாக இருத்தல் வேண்டும் என்கிறது. தொடக்கக் கல்வியில் தாய்மொழியைப் பயிற்றுமொழியாக அரசு கட்டாயப்படுத்த முடியாது என உச்ச நீதிமன்ற அரசியலமைப்பு அமர்வு 2014இல் கர்நாடக வழக்கில் தீர்ப்பளித்தது. இவ்வரலாற்றை அறிந்தவருக்கு, அந்த அடை தொடரின் அணியன்று, தொடரின் சட்டப்பொருளே அதில்தான் தங்கியுள்ளது என்பது விளங்கும்.

இரண்டாவது, நான்கு சொற்கள் ஒரு சொல்லானது. மூலத்தில் சாய்கோடிட்டு அடுக்கப்பட்ட நான்கு மொழிவகைகளும் 'தாய்மொழி' என்னும் ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. தமிழ்நாட்டில் பெரும்பான்மைக் குழந்தைகளுக்கு இந்நான்கும் ஒன்றாக அமைவதால் தமிழ் வாசகருக்கு இழப்பு புலப்படுவதில்லை. துளுவை வீட்டில் பேசிக் கன்னடப் பள்ளியில் பயிலும் குழந்தைக்கு இவை வேறு வேறு. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் துளுவைத் தாய்மொழியாகக் கூறியோர் 18 லட்சத்துக்கும் மேற்பட்டோர். போஜ்புரியைக் கூறியோர் 5 கோடிக்கும் மேற்பட்டோர். ஆனால் கணக்கெடுப்பு அவர்களை இந்தியின் கீழ்த் தொகுத்தது. இக்குழந்தைகளின் பயிற்றுமொழி எது என்னும் வினாவுக்கு மூலத்தின் சாய்கோடு விடை சொல்லாமல் நழுவுகிறது. இந்த நழுவலே விமரிசிக்கத்தக்கது. ஒற்றைச் சொல்லால் பெயர்க்கும்போது விமரிசனத்துக்குரிய இடமே மறைந்துபோகிறது.

4. 'திணிக்கப்படாது': யார்மேல்?

2019 மே 31 அன்று வெளியான கஸ்தூரிரங்கன் குழுவின் வரைவு, இந்தி பேசாத மாநில மாணவர் பயிலும் மொழிகளாக வட்டார மொழி, இந்தி, ஆங்கிலம் ஆகியவற்றைக் குறித்தது. எதிர்ப்பு எழுந்தபின் ஜூன் 3 அன்று அப்பகுதி திருத்தப்பட்டு, மொழிப் பெயர்கள் நீக்கப்பட்டன. இங்குக் கூற்றுக்கு உரியவர் பற்றிய மயக்கம் முதலில் எழுந்தது. குழுவின் வரைவு அரசின் முடிவாகப் படிக்கப்பட்டது. திருத்தம் வந்தபின் எல்லை பற்றிய மயக்கம் எழுந்தது. நீங்கியவை மொழிகளின் பெயர்கள். மூன்று மொழிகளில் தேர்ச்சி காட்டவேண்டும் என்னும் விதி நீங்கவில்லை. 'கட்டாயம் வாபஸ்' என்ற தலைப்பு இவ்விரண்டையும் ஒன்றாக்கியது.

2020 கொள்கையின் 4.13ஆம் பத்தி, மும்மொழித் திட்டம் தொடரும் என்றும், எந்த மொழியும் எந்த மாநிலத்தின்மீதும் திணிக்கப்படாது என்றும், மூன்றில் குறைந்தது இரண்டு இந்திய மொழிகளாக இருக்கவேண்டும் என்றும் கூறுகிறது. மூலம் 'மாநிலத்தின்மீது' என்று சொல்கிறது. 'மாணவர்மீது' என்று சொல்லவில்லை. செய்தியில் வேற்றுமையுருபேற்ற இப்பெயர் விடுபட்டு, 'எந்த மொழியும் திணிக்கப்படாது' என நின்றபோது, மாநிலத்துக்கு அளிக்கப்பட்ட உறுதி குழந்தைக்கு அளிக்கப்பட்ட உறுதிபோல் தோற்றமளித்தது. 'குறைந்தது' என்பதைத் தமிழில் '-ஆவது' என்னும் இடைச்சொல்லாலும் காட்டலாம். 'இரு மொழிகள்' என்பதற்கும் 'இரு மொழிகளாவது' என்பதற்கும் இடையே உள்ள வேறுபாடு, மூன்றும் இந்திய மொழிகளாக அமையலாம் என்னும் வாய்ப்பு முழுவதையும் தாங்கி நிற்கிறது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். கொள்கை உரையை எவ்வளவு நுணுக்கமாகப் படித்தாலும் கட்டாயம் வேறு வழியில் வரலாம் அன்றோ? 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றும் தமிழ்நாடு, பி.எம். ஸ்ரீ பள்ளிகளுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடாத நிலையில், தனக்குரிய சமக்ர சிக்ஷா நிதி 2,152 கோடி ரூபாய் வழங்கப்படவில்லை என்று 2025இல் முறையிட்டது. இத்தடை வலியுடையதே. ஆயின் அது நம் கருத்தை மறுக்கவில்லை. கட்டாயத்தின் மூலம் கொள்கையின் பத்தியா, நிதி ஒப்பந்தத்தின் நிபந்தனையா என்று பிரித்தறிந்தால்தான் வாதம் உரிய இடத்தில் நிகழும். 'கொள்கையே கட்டாயம் என்கிறது' என்பாரும் 'கொள்கையில் கட்டாயமே இல்லை' என்பாரும் நிதியைப் பற்றிப் பேசாமலே வாதத்தை முடித்துவிடுகின்றனர்.

5. மராத்தி ஆணையின் ஒரு சொல்

மகாராஷ்டிர அரசு 2025 ஏப்ரல் 16 அன்று வெளியிட்ட ஆணை, மராத்தி, ஆங்கில வழிப் பள்ளிகளில் ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை இந்தியை மூன்றாம் மொழியாகக் கட்டாயமாக்கியது. ஜூன் 17 அன்று வந்த திருத்த ஆணையில் கட்டாயத்தைக் குறித்த 'அனிவார்ய' என்னும் சொல் இல்லை. அதனிடத்தில் இந்தி 'சர்வசாதாரணபணே' மூன்றாம் மொழியாக இருக்கும் என்ற தொடர் அமைந்தது. வேறு இந்திய மொழி பயில விரும்புவோர் ஒரு பள்ளியின் ஒரு வகுப்பில் 20 பேராவது இருந்தால் ஆசிரியர் தரப்படுவார், இல்லையேல் இணையவழியில் கற்பிக்கப்படும் என்பது உடன்வந்த விதி. ஜூன் 29 அன்று இரண்டு ஆணைகளும் திரும்பப் பெறப்பட்டு, நரேந்திர ஜாதவ் தலைமையில் குழு அமைக்கப்படும் என அறிவிக்கப்பட்டது.

இடைப்பட்ட பன்னிரண்டு நாள்களில் விவாதம் ஒரு வினையடையைச் சுற்றியே நிகழ்ந்தது. 'இந்தி இனிக் கட்டாயம் இல்லை' என்பது ஒரு வாசிப்பு; 'கட்டாயம் வேறு பெயரில் வந்துள்ளது' என்பது மற்றொன்று. மொழிபெயர்ப்பாளர்க்கு இச்சொல் இரட்டைச் சிக்கல் தருகிறது. தமிழில் 'சர்வசாதாரணமாக' என்பது 'எளிதில், எவ்வித அரிமையுமின்றி' என்று பொருள்படும். உருவொற்றுமை கருதி அதை இட்டால் பொருள் முற்றும் பிறழும். 'பொதுவாக' என்பது அகராதிப்படி சரியானது. ஆனால் தமிழில் 'பொதுவாக' பெரும்பாலும் வழக்கத்தை விளக்கும் சொல். 'பொதுவாக மழை மாலையில் பெய்யும்' என்பதுபோல. ஆணையிலோ அது வழக்கத்தை விளக்கவில்லை. வேறு தெரிவு நிறைவேறாதவிடத்து எது நிற்கும் என்பதை விதிக்கிறது. ஆகவே 'வேறு மொழி தெரிவு செய்யப்படாதவிடத்து இந்தி' என விரித்துப் பெயர்த்திருப்பின், 20 பேர் என்னும் எண்ணே சொல்லின் வலுவை நிர்ணயிக்கிறது என்பது வாசகருக்குத் தெளிவாகியிருக்கும். சிறிய பள்ளியில் அவ்வெண் எட்டாதபோது 'பொதுவாக' என்பது நடைமுறையில் 'கட்டாயமாக' என்பதை நெருங்கும். பெரிய பள்ளியில் அவ்வாறன்று. இரு வாசிப்புகளும் பகுதியளவில் உண்மையாயிருந்தது இதனால்தான்.

6. 'நீக்கம்': எதிலிருந்து?

தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 2022இல் பாடச்சுமையைக் குறைக்கும் நோக்கில் பாடநூல் பகுதிகளை நீக்கியது. பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் தனிமங்களின் ஆவர்த்தன வகைப்பாடு பற்றிய இயல் விடப்பட்டது. 'மரபும் பரிணாமமும்' என்னும் இயல் 'மரபு' எனச் சுருங்கியது. 2023இல் 1,800க்கும் மேற்பட்ட அறிவியலாளரும் ஆசிரியரும் பிறரும் பரிணாமப் பகுதியை மீட்கக் கோரிக் கையெழுத்திட்டனர். செய்தி உலகெங்கும் பரவியபோது 'இந்தியப் பாடநூல்களிலிருந்து ஆவர்த்தன அட்டவணை நீக்கம்' என்பது அதன் பொது வடிவம். மறுப்போ, அட்டவணை 11ஆம் வகுப்பிலும் பரிணாமம் 12ஆம் வகுப்பிலும் உள்ளன என்பதாக அமைந்தது.

'நீக்கு' என்னும் வினை நீங்கற்பொருளை வேண்டி நிற்பது. 'எதிலிருந்து' என்னும் உறுப்பு பெயராக்கத்தில் விடுபடும்போது, வாசகர் தமக்குத் தோன்றிய எல்லையை இட்டு நிரப்புகிறார். செய்தி இட்ட எல்லை இந்தியப் பள்ளிக் கல்வி முழுமையும். மறுப்பு அந்த எல்லையை மறுத்தது. அதில் வெற்றியும் பெற்றது. ஆனால் அறிவியலாளரின் வினா அதுவன்று. எல்லா மாணவரும் அறிவியலைக் கட்டாயமாகப் பயிலும் இறுதி வகுப்பு பத்தாம் வகுப்பே. பின்னர் வணிகவியலோ வரலாறோ பயில்வோர் பரிணாமத்தைப் பாடநூலில் காணமாட்டார். இவ்வினாவுக்கு 11, 12ஆம் வகுப்புகளைச் சுட்டுவது விடையாகாது. மிகைப்பட்ட தலைப்பு ஒன்று எளிய மறுப்புக்கு இடம் தந்து, மூல வினாவை மறைத்தது. தவறாகப் படிப்பவர் தம் தரப்புக்கே இழைக்கும் தீங்கு இது.

7. கூற்றுக்கு உரியவர்

தமிழில், தான் நேரே அறியாததைச் சொல்வதற்கு '-ஆம்' என்னும் இடைச்சொல் உண்டு. 'நீக்கிவிட்டார்களாம்' என்பதில் பேசுவோர் அதைக் கேள்வியுற்றார் என்பது வெளிப்படை. ஆனால் எழுத்துத் தமிழின் செய்தி நடை இதை ஏற்பதில்லை. அதில் எள்ளலோ அவநம்பிக்கையோ தொனிப்பதாகக் கருதப்படுகிறது. மாற்றாக வழங்கும் 'எனக் கூறப்படுகிறது' கூறியவரை மறைக்கும் செயப்பாட்டு வினை.

மற்றொன்று, மேற்கோள் அமைப்பு. ஒருவரின் உரையைப் பல பத்திகளில் நேர்க்கூற்றுக் குறியின்றித் தந்து, இறுதியில் 'இவ்வாறு அவர் கூறினார்' என முடிப்பது தமிழ் நாளிதழ்களின் நெடுநாள் மரபு. முழுச் செய்தியையும் படிப்பவர்க்கு இம்மரபால் இடரில்லை. இடைப்பத்தி ஒன்று தனியே வெட்டியெடுக்கப்படும்போது, அமைச்சரின் கணிப்போ எதிர்க்கட்சியினரின் குற்றச்சாட்டோ செய்தியாளர் உறுதிசெய்த நிகழ்வாகத் தோன்றுகிறது. வினை இறுதியில் நிற்கும் மொழியில் கூற்றுக்கு உரியவரைக் காட்டும் சொல்லும் இறுதியில் நிற்பதால், வெட்டு எப்போதும் அதையே முதலில் இழக்கச் செய்கிறது. உரியவரின் பெயரைப் பத்திதோறும் முதலில் நிறுத்துவது இதற்கு எளிய தீர்வு.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் மூன்று செய்திகள் பெறப்படுகின்றன. ஒன்று, கல்வி ஆவணங்களைப் பெயர்ப்போர் பெயர்ப் பயனிலைத் தலைப்பைத் தவிர்த்து, 'கட்டாயமாகலாம்', 'குழு பரிந்துரை', 'பத்தாம் வகுப்பு நூலிலிருந்து நீக்கம்' என வலு, உரியவர், எல்லை ஆகியவற்றுள் ஒன்றையேனும் தலைப்பில் காத்தல் வேண்டும். ஒரு சொல் கூடினும் இழப்பில்லை. இரண்டு, சாய்கோடு, அடை, இடைச்சொல் ஆகியவற்றை நடையழகு கருதி நீக்கலாகாது. ஆவணத்தின் சூழ்ச்சியும் நேர்மையும் அவற்றில்தான் உள்ளன. மூன்று, மறுப்பை எழுதுவோர் எந்தத் தொடரை மறுக்கிறோம், தலைப்பின் தொடரையா மூலத்தின் தொடரையா என்று முதலில் கூறல் வேண்டும்.

துளு பேசும் குழந்தைக்கு எம்மொழியில் முதற்பாடம், மராத்திய சிற்றூர்ப் பள்ளியில் இருபதாவது மாணவர் கிடைப்பாரா, பத்தாம் வகுப்போடு அறிவியலை விடுவோர் பரிணாமத்தை அறிவாரா என்பவையே மேற்கண்ட மூன்று விவாதங்களும் விடை தேடியிருக்கவேண்டிய வினாக்கள். 'கட்டாயம்', 'கட்டாயம் இல்லை' என்னும் இரு சொற்களுக்குள் அவற்றுக்கு இடமில்லை.