கயிற்றை அறுத்தால் போதுமா?

“பொட்டையாடா நீ?”

பள்ளி முற்றத்திலே ஒரு மாணவனை அடக்க இந்த ஒரு கேள்வி போதும். பிரம்புக்குப் பணியாதவனும் இதற்குப் பணிவான். தோழரின் ஏளனத்துக்கு அஞ்சித் தகாததையும் செய்வான். அதற்குப் பெயர் ஆண்மையாம்!

விஸ்வநத்தத்தைப் பாருங்கள். சிவகாசியை ஒட்டிய இவ்வூரைச் சுற்றிலும் பட்டாசு ஆலைகள். மருந்து கலக்கும் அறையிலே ஒவ்வோர் அசைவிலும் எச்சரிக்கை. பொறி கிளப்பும் இரும்புக் கருவி கூடாது. அறைக்கு இத்தனை பேர் என்ற வரம்பை மீறக் கூடாது. அங்கே அச்சம் இழிவன்று. உயிர் காக்கும் அறிவு. அஞ்சத் தக்கதற்கு அஞ்சாதவன் அறிவிலி என்ற வள்ளுவர் கருத்தை அத்தொழிலாளர் நாள்தோறும் வாழ்ந்து காட்டுகின்றனர். ஆனால் அவர்தம் பிள்ளையோ, தெருவிலே வெடியைக் கையில் பிடித்தபடியே பற்றவைத்து எறிந்தால்தான் ‘ஆம்பளை’! தாய் ஆலையிலே கற்ற அறிவு, மகனுக்குத் தெருவிலே கோழைத்தனமா?

விரலோடு போகும் விளையாட்டன்று இது. சாதிச் செருக்கோடு கூடும்போது அரிவாளாகிறது. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியிலே, ஒடுக்கப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து வெட்டினர் அதே பள்ளி மாணவர். தடுக்கப் பாய்ந்த தங்கையும் வெட்டுண்டாள். சொல்லுங்கள், அன்று வீரம் எவரிடத்திலே இருந்தது? கூட்டமாய் வந்த பையன்களிடமா? குறுக்கே நின்ற சிறுமியிடமா? வீரத்தை ஆணுக்கே உடைமையாக்கும் ‘ஆண்மை’ என்னும் சொல்லே அழிய வேண்டுமென்று 1928-இலேயே பெரியார் எழுதியதன் பொருள் இங்கே விளங்குகிறதன்றோ?

அக்கொடுமைக்குப் பின் அமைந்த நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதி காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவை பள்ளியிலே கூடா என்றது. வரவேற்கிறோம். ஆயினும் ஒன்று கேட்கிறோம். மணிக்கட்டிலே உள்ள கயிற்றை அறுக்கலாம். மனக்கட்டிலே உள்ள கயிற்றை எந்த ஆணை அறுக்கும்?

அதை அறுக்கும் இடம் வகுப்பறையே. பையனைத் தண்டிக்கப் பெண்கள் வரிசையில் உட்காரவைக்கும் வழக்கம் இன்னும் சில பள்ளிகளிலே உண்டு. பெண்ணருகே அமர்வது இழிவு என்று கற்பிக்கும் அந்தத் தண்டனையன்றோ, முற்றத்து ஏளனத்துக்கு முதற்பாடம்! அதை ஒழிப்போம். ‘மாட்டேன்’ என்று கூட்டத்துக்கு மறுப்புச் சொல்லும் மாணவனை அவையறியப் பாராட்டுவோம்.

அவன் கோழையல்லன், தனித்து நிற்கும் துணிவுடையவன்!