ஆற்றலும் தொழிலும்: இரு நொதியங்கள் பற்றிய ஓர் ஆய்வு

கலம் வளர்ந்து பெருகுவதற்கு நியூக்கிளிக் அமிலங்கள் இன்றியமையாதன. நியூக்கிளியோதைட்டு எனும் சிற்றலகுகளைக் கோத்து அவற்றை ஆக்குவன நொதியங்களே. இத்தகைய பற்றீரிய நொதியங்களை ஆராய்ந்த செவெரோ ஒச்சோவா, ஆதர் கோன்பேர்க் ஆகிய இருவரும் 1959 ஆம் ஆண்டின் நோபெற் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். அவர்தம் சாதனை பெரிது. ஆயினும், அதற்கு அன்று கற்பிக்கப்பட்ட பொருள் முற்றும் பொருந்துவதோ என்பது ஆராயத்தக்கது.

ஒச்சோவாவும் மரியான் குரூன்பேர்க்-மனாகோவும் 1955 இல் அறிவித்த நொதியம், சோதனைக்குழாயில் ஆர்.என்.ஏ. சங்கிலிகளை ஆக்கியது. ஆனால், அதற்கு மூலப்படி எதுவும் வேண்டியதில்லை. கிடைத்த அலகுகளைக் கிடைத்தவாறே கோத்தது. மூலத்தை நோக்காது எழுதுவோன் படியெடுப்போன் ஆதல் எங்ஙனம்? கலத்தினுள் அதன் தலையாய தொழில் ஆர்.என்.ஏ.யைச் சிதைப்பதே எனப் பின்னர்த் தெளிவாயிற்று.

கோன்பேர்க் 1956 இல் ஈ. கோலை பற்றீரியாவிற் கண்ட நொதியமோ மூலப்படியைப் பின்பற்றியே நால்வகை அலகுகளையும் இணைத்தது. ஆதலின், டி.என்.ஏ.யை இரட்டிப்பது இதுவே எனக் கொண்டமை வியப்பன்று. எனினும், 1969 இல் போலா டி லூசியாவும் யோன் கெயின்சும், இந்நொதியத்தின் செயல் ஏறக்குறைய அற்றுப்போன விகாரப் பற்றீரியா ஒன்றைக் கண்டனர். அது வழமைபோலவே பெருகியது! இரட்டித்தலின் முதன்மை நொதியம் வேறொன்று என்பதை அடுத்துவந்த ஆண்டுகளில் நிறுவியோருள் கோன்பேர்க்கின் மைந்தர் தோமசும் ஒருவர்.

அவ்வாறாயின் முதல் நொதியம் பயனற்றதோ? அங்ஙனம் கூறுவதும் பிழையே. அவ்விகாரப் பற்றீரியா புறஊதாக் கதிரால் எளிதில் மாய்ந்தது. டி.என்.ஏ.யின் பழுதைத் திருத்துவதும், இரட்டித்தலின்போது எஞ்சும் இடைவெளிகளை நிரப்புவதும் அந்நொதியத்தின் பணிகளாகும். ஒச்சோவாவின் நொதியம் கொண்டு ஆக்கிய செயற்கைச் சங்கிலியே, 1961 இல் நீரன்பேர்க்கும் மத்தேயியும் பரம்பரைக் குறியீட்டின் முதற்சொல்லை அறியத் துணைநின்றது.

எனவே, குறை பரிசோதனையில் இல்லை. அதிலிருந்து பெற்ற முடிபிலேயே உள்ளது. ஒன்று செய்யவல்லது யாது என்பதைச் சோதனைக்குழாய் காட்டும். அது செய்துவருவது யாது என்பதை அறிய, அஃதில்லாத கலம் எதனை இழக்கின்றது என வினாவுதல் வேண்டும். நொதியத்துக்குத் தொழில் வகுப்போர் இவ்விரு வினாக்களையும் பிரித்தறிதல் கடனாகும்.