சமையற்கட்டும் தேவ சமுகமும்
லாரன்ஸ் சகோதரரின் நூலைக் குறித்து ஓர் ஆய்வு

"கர்த்தர் என்னோடு பேசினார்" என்னும் சொற்றொடர் நம் சபைகளில் மிகுதியாகக் கேட்கப்படுகிறது. சாட்சிக் கூட்டங்களிலும் உபவாச ஜெபங்களிலும் அது ஏறத்தாழ ஒரு முத்திரை மொழியாகவே வழங்குகிறது. தேவன் தம் மக்களோடு பேசுகிறார் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. அதை மறுப்போமாயின் திருமறையையே மறுத்தவர்களாவோம். ஆயினும் அச்சொற்றொடர் மேடையில் ஒலிக்கும்போது, கீழே பாயில் அமர்ந்திருப்போருள் அதனைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் சொல்ல இயலாதோர் பலர் உளர் என்பதை ஆயர்களாகிய நாம் மறந்துவிடுகிறோம்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஒரு கிராமச் சபையில், ஐம்பது வயதைக் கடந்த ஓர் அம்மையார் ஆராதனை முடிந்தபின் நம்மை அணுகி, "ஐயா, எல்லாரோடும் ஆண்டவர் பேசுகிறாராம். என்னோடு மட்டும் ஒரு நாளும் பேசினதில்லை. நான் அவருடைய பிள்ளைதானா?" என்று கேட்டார். மாணவப் பருவத்தில் நாம் விரும்பிக் கற்ற ஒரு சிறு நூல் அப்பொழுது நினைவுக்கு வந்தது. அதன் கருத்தையே அவருக்கு எடுத்துரைத்தோம். குரல் எதையும் எதிர்பார்க்க வேண்டாம்; அடுப்பண்டையிலும் கிணற்றடியிலும் தேவன் உடனிருக்கிறார் என்பதை அடிக்கடி நினைத்துக்கொண்டால் போதும் என்று கூறி அனுப்பினோம். சில மாதங்கள் கழித்து அவர் தந்த மறுமொழி இது: "நினைக்க நினைக்க மறந்துபோகிறேன், ஐயா. முன்னே அவர் பேசவில்லை என்று ஒரு குறைதான் இருந்தது. இப்போது எனக்கு நினைக்கவும் தெரியவில்லை என்று இரண்டாகிவிட்டது."

நாம் அளித்த மருந்து நோயை இரட்டிப்பாக்கிற்று. தவறு அந்நூலினுடையதா, அதை நாம் கையாண்ட முறையினுடையதா? இவ்வினாவே அந்நூலை மீண்டும் ஆய்ந்து கற்குமாறு நம்மைத் தூண்டியது.

நூலும் அதன் வரலாறும்

தேவ சமுகத்தைப் பழகுதல் என்னும் பொருள்படும் தலைப்பில் ஆங்கிலத்தில் வழங்கிவரும் இந்நூலின் நாயகர், பிரெஞ்சு மொழி பேசும் லொரேன் நாட்டில் 1614ஆம் ஆண்டளவில் பிறந்த நிக்கோலா எர்மான் என்பவர். போர்வீரராகப் பணிபுரிந்து காயமுற்றுக் கால் ஊனமானவர். பின்னர் ஒரு செல்வர் வீட்டில் பணியாளாக இருந்தவர். கைபட்டதையெல்லாம் உடைத்துவிடும் சாமர்த்தியமற்ற பணியாள் எனத் தம்மைக் குறித்தே கூறிக்கொண்டார். 1640இல் பாரிஸ் நகரிலிருந்த கார்மேல் சபைத் துறவு மடத்தில் குருப்பட்டம் பெறாத சகோதரராகச் சேர்ந்து, லாரன்ஸ் என்னும் பெயரைப் பெற்றார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் சமையற்கட்டிலும், பின்னர் மிதியடி செப்பனிடுவதிலும் உழைத்து, 1691இல் உயிர்நீத்தார்.

இந்நூலை அவர் எழுதவில்லை என்பது முதற்கண் நோக்கற்பாலது. ஜோசப் தெ பொபோர் என்னும் குருவானவர் 1666, 1667ஆம் ஆண்டுகளில் அவரோடு நடத்திய நான்கு உரையாடல்களைத் தம் நினைவிலிருந்து எழுதிவைத்தார். லாரன்ஸ் இறந்தபின் கிடைத்த சில கடிதங்களையும் சிறு குறிப்புகளையும் 1692இலும், உரையாடல்களை 1694இலும் அவர் வெளியிட்டார். ஆகவே உரையாடல்களில் நாம் கேட்பது சமையற்காரரின் குரல் மட்டுமன்று. கற்றறிந்த திருச்சபைத் தலைவர் ஒருவரின் செவி அதனைத் தெரிந்தெடுத்துத் தொகுத்துள்ளது. லாரன்ஸ் தாமே எழுதிய கடிதங்களிலோ தயக்கம் மிகுந்து காணப்படுகிறது. தம் முறையை விவரிக்குமாறு ஒருவர் பலமுறை வற்புறுத்தியபின், கடிதத்தை வேறெவருக்கும் காட்டலாகாது என்னும் நிபந்தனையோடே அவர் எழுத இசைந்தார். எல்லாருக்கும் உரிய ஒரு வழிமுறையை வகுத்துக் கொடுக்கும் எண்ணம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நூலின் பிற்கால வரலாறும் கருதத்தக்கது. உள்ளார்ந்த ஜெபத்தில் முழு அமைதியை நாடிய மொலீனோஸ் என்பவரின் போதனையை 1687இல் உரோமைச் சபை கண்டித்தது; லாரன்சை அறிந்திருந்த ஃபெனலோன் பேராயரின் கருத்துகள் சில 1699இல் கண்டனத்திற்குள்ளாயின. இச்சூழலில் கத்தோலிக்க பிரான்சில் லாரன்சின் நூல் ஒதுக்கப்படலாயிற்று. அதனைப் பேணிக் காத்தவர்கள் பெரும்பாலும் சீர்திருத்தச் சபையினரே. ஹாலந்தில் வாழ்ந்த பியேர் புவாரே அதனை மறுபதிப்புச் செய்தார். ஜான் வெஸ்லி 1749 முதல் 1755 வரை வெளியிட்ட 'கிறிஸ்தவ நூலகம்' என்னும் தொகுப்பில் அதன் பகுதிகளைச் சேர்த்தார். கத்தோலிக்கத் துறவி ஒருவர் நம் குருமாரின் நூலடுக்குகளில் இடம்பெற்றது இவ்வாறே.

குரலின்றி உணரப்பட்ட சமுகம்

இந்நூலை நுணுகிக் கற்போருக்கு வியப்பளிப்பது, தேவ சமுகத்தைப் பற்றி இத்துணை கூறும் ஒருவர் தேவன் தம்மிடம் இன்னது சொன்னார் என்று கூறுவது அரிது என்பதே. பதினெட்டாம் வயதில் அவரது மனம் திரும்பியதற்குக் காரணம் ஓர் இலையுதிர்ந்த மரம். பனிக்காலத்தில் மொட்டையாய் நின்ற அதனைக் கண்டு, சிறிது காலத்தில் இலையும் பூவும் கனியும் தோன்றுமே என எண்ணினார். தேவனுடைய வல்லமையும் பராமரிப்பும் அவர் உள்ளத்தில் ஆழப் பதிந்தன. தரிசனமோ ஓசையோ அங்கு இல்லை. எவரும் காணத்தக்க ஒரு மரமே இருந்தது.

அவர் சமையல் வேலையை விரும்பிச் செய்தவர் அல்லர்; இயல்பாகவே அதில் அவருக்கு வெறுப்பு மிகுதி. மடத்திற்குத் திராட்சரசம் வாங்கும்பொருட்டு அவரைப் பர்கண்டி நாட்டுக்கு அனுப்பினர். ஊனமுற்ற காலோடு படகில் நடமாட இயலாமையால் பீப்பாய்களின்மேல் உருண்டே அவர் இடம்பெயர வேண்டியிருந்தது. வாணிபத் திறமையும் அவருக்கு இல்லை. இது உம்முடைய வேலை என்று தேவனிடம் ஒப்படைத்துவிட்டுச் சென்றார். காரியம் நன்றாகவே முடிந்தது. எந்தக் கடையில் வாங்கவேண்டும் என்று தேவன் தமக்கு அறிவித்ததாக அவர் உரிமை பாராட்டவில்லை என்பதை நம் மாணவர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். மேலும், உள்ளத்தில் மகிழ்ச்சி பொங்கியெழுந்த வேளைகளில் அது பிறருக்குப் புலப்படாதவாறு மறைக்கவே அவர் முயன்றார். நம் சாட்சிக் கூட்டங்கள் இவரிடம் கற்கவேண்டியது ஏராளம்.

அந்த அம்மையாரிடம் நாம் சொல்லத் தவறிய பகுதியும் இந்நூலில் உண்டு. தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் தாம் பெரிதும் துன்புற்றதாக லாரன்ஸ் எழுதுகிறார். தாம் தள்ளுண்டவர் என்னும் அச்சம் நான்கு ஆண்டுகள் அவரை வாட்டியது. தேவ நினைவில் தவறிய போதெல்லாம் அதனை அறிக்கையிட்டுவிட்டு, மனங்கலங்காமல் மீண்டும் தொடங்கினார். தவறுகளை எண்ணிக் கணக்கு வைக்கவில்லை. நாமோ அவர் அடைந்த முடிவை எடுத்துக்கொண்டு, அவர் நடந்த பாதையை விட்டுவிட்டோம். அருளின் கனியாக வந்ததை ஒரு பயிற்சி விதியாக்கி, ஏற்கெனவே பாரம் சுமந்தவர்மேல் ஏற்றினோம். முதற் பிழை நம்முடையதே.

நூலில் குறைவுபடுபவை

ஆயினும் பிழை முழுவதும் நம்முடையதன்று. சீர்திருத்தத் திருச்சபையின் நோக்கில் இந்நூலில் இரு குறைகள் தென்படுகின்றன.

முதலாவது, வார்த்தையின் இடம் இதில் மங்கலாயிருக்கிறது. லாரன்ஸ் திருமறையை அறியாதவர் அல்லர். மடத்தின் அன்றாட ஆராதனை ஒழுங்கு அவரைச் சூழ்ந்திருந்தது. ஆனால் அச்சூழலினின்று பிரித்தெடுக்கப்பட்ட இச்சிறு நூலில் திருமறை விளக்கம் அரிது. மணியடித்தால் கூடி ஜெபிக்கும் மடத்தில் வாழ்ந்தவர், ஜெப வேளைக்கும் வேலை வேளைக்கும் தமக்கு வேறுபாடில்லை எனலாம். வாரத்தில் ஒரு நாள் மட்டும் வசனம் கேட்கும் ஒருவரிடம் அதனையே கூறினால் அவருக்கு எஞ்சுவது அவர் மனத்தின் முயற்சி மட்டுமே. லூதரின் நிலை வேறு. தேவன் வெளியிலிருந்து வரும் வார்த்தையின் வழியாகவே தம் ஆவியை அருளுகிறார் என்று 1536இன் இறுதியில் எழுதிய ஷ்மால்கால்டன் கட்டுரைகளில் அவர் வலியுறுத்தினார். 1522இல் திருமண வாழ்வைப் பற்றி எழுதிய நூலில், குழந்தையின் அழுக்குத் துணியை விசுவாசத்தோடு துவைக்கும் தகப்பனைக் கண்டு தேவனும் தூதர்களும் மகிழ்கின்றனர் என்றார். துவைக்கும்போது அவன் தேவனை எத்தனை முறை நினைத்தான் என்று லூதர் வினவவில்லை. அவ்வேலை தேவனுக்கு உகந்தது என்னும் வாக்கே அவனுக்கு ஆதாரம். நினைவு தளரும் இடத்திலும் வாக்கு தளர்வதில்லை.

இரண்டாவது குறை இதனினும் நுட்பமானது. சமையற்கட்டின் ஆரவாரத்தில், பலர் ஒரே வேளையில் பலவற்றைக் கேட்டு அழைக்கும்போதும் லாரன்ஸ் நற்கருணையின்முன் முழந்தாளிடும்போது பெற்ற அமைதியைப் பெற்றிருந்தார் என்று நாம் வாசிக்கிறோம். நூல் முழுவதிலும் புகழ்பெற்ற பகுதி இதுவே. ஆனால் அங்கு அழைத்தவர்கள் யார்? அவர்களுக்கு என்ன வேண்டியிருந்தது? நூல் அதனைக் கூறுவதில்லை. அவர்களுடைய அழைப்பு, அமைதியைச் சோதிக்கும் இரைச்சலாக மட்டுமே அங்கு இடம்பெறுகிறது. மத்தேயு 25ஆம் அதிகாரத்தைக் கற்றவர் இவ்விடத்தில் நின்று கேட்கவேண்டும்: அந்த இரைச்சலையும் மீறி தேவனை நாடவேண்டுமா, அன்றி அந்த இரைச்சலுக்குள்ளேயே அவர் அழைத்துக்கொண்டிருந்தாரா?

சாமுவேலும் ஏலியும்

இவ்வினாவுக்கு 1 சாமுவேல் 3ஆம் அதிகாரம் ஒளி தருகிறது. தேவனுடைய குரல் அங்கு இடிமுழக்கமாய் வரவில்லை; பார்வை மங்கிய முதியவர் ஒருவர் இரவில் கூப்பிடுவதுபோன்றே ஒலித்தது. சிறுவன் மூன்று முறை எழுந்து ஏலியினிடம் ஓடினான். அவன் குரலை அடையாளம் காணவில்லை என்பது உண்மை. ஆயினும், யார் அழைத்தார் என்று அறியுமுன்னே அவன் எழுந்தான். முதியவரின் அழைப்புக்கு எழுந்து பழகிய காதே தேவனுடைய அழைப்பையும் கேட்டது. குரலை இனங்கண்டவனும் அவன் அல்லன். மூத்த ஆசாரியராகிய ஏலியே அதனை உணர்ந்து அவனுக்குக் கற்பித்தார். தனிமனிதன் கேட்டது சபையின் மூத்தோரால் ஆராயப்படவேண்டும் என்பது இதனால் பெறப்படும்.

எனில், நம்மை அழைக்கும் மனிதர் குரலெல்லாம் தேவ குரலே என்று முடிவுகட்டலாமா? ஆகாது. அவ்வாறு போதித்தால், வீட்டார் இடும் ஏவலையெல்லாம் தேவ கட்டளையாக ஏற்றுப் பெண்கள் ஒடுங்கிப்போகவே வழிசெய்தவர்களாவோம். சாமுவேல் அன்றிரவு கேட்ட செய்தி என்ன? ஏலியின் வீட்டின்மேல் வரும் நியாயத்தீர்ப்பே அது. எந்த முதியவரின் குரல் என்று எண்ணி ஓடினானோ, அவருக்கு எதிரான வார்த்தையையே அவன் பெற்றான். பலியில் தமக்குரியதல்லாததை எடுத்துக்கொண்ட குமாரரை அடக்காதவர் அவர். ஆகவே பிறர் பணியில் தேவன் நம்மைச் சந்திக்கிறார். ஆனால் பணி கொள்ளுகிறவருக்கு அவர் அடங்கியவர் அல்லர். நாம் கேட்டதாக எண்ணும் குரல் நம் விருப்பத்தையே எப்பொழுதும் ஆமோதிக்குமாயின், அதனை ஐயுறுவதே நலம்.

ஆயர்களின் கடமை

அந்த அம்மையாரின் வீட்டுக்கு நாம் மீண்டும் சென்றோம். அவருடைய மாமியார் பக்கவாதத்தால் படுக்கையில் கிடந்தார். பேசிக்கொண்டிருக்கையில் உள்ளிருந்து தெளிவற்ற ஓர் ஓசை எழுந்தது. நமக்கு ஒன்றும் விளங்கவில்லை. அம்மையாரோ சொல்லிக்கொண்டிருந்த வாக்கியத்தை முடிக்காமலே எழுந்து சென்றார். தண்ணீர் கொடுத்துவிட்டு வந்து, "எந்த இடத்தில் விட்டேன், ஐயா?" என்றார். நாம் அவருக்கு அறிவுரை எதுவும் கூறாமல் சாமுவேலின் வரலாற்றை வாசித்தோம். கேட்டு முடித்தபின் அவர், "மூன்று தரம் எழுந்தானே, அந்தப் பிள்ளைக்குத் தூக்கம் கெட்டிருக்குமே" என்றார். அவ்வதிகாரத்தைப் பற்றி நாம் கற்ற எந்த விளக்கவுரையிலும் இக்கருத்தை நாம் கண்டதில்லை. இரவில் தூக்கம் கெட்டவர்க்கே அது தோன்றும்.

தேவன் அவரோடு பேசிவிட்டார் என்று நாம் அன்று அறிவிக்கவில்லை. அவ்வாறு அறிவிப்பது நம் அதிகாரத்திற்கு உட்பட்டதன்று. அவர் தேவனுடைய பிள்ளை என்பதை மட்டும் அவருடைய ஞானஸ்நானத்தின்மேல் நின்று உறுதியாகக் கூறினோம். முதன்முறை அவர் கேட்டபோதே நாம் கூறியிருக்கவேண்டிய விடை இதுவே. அவ்வாரம் முதல், மாமியாருக்குத் துணையாக மாதர் சங்கத்தார் முறைவைத்து வந்து, வாரத்தில் இரண்டு இரவுகள் அவருக்கு உறக்கம் கிடைக்கச் செய்தனர்.

லாரன்ஸ் சகோதரரின் நூலை நம் மாணவர்கள் கற்கவேண்டும் என்றே நாம் இன்னும் விரும்புகிறோம். ஆனால் உரையாடல்களுக்குமுன் கடிதங்களைக் கற்பார்களாக. அவற்றில்தான் தளர்ந்தும் எழுந்தும் நடந்த மனிதரைக் காணலாம். சாமுவேலின் வரலாற்றை அருகில் வைத்துக் கற்பார்களாக. பிறருக்கு அதனைப் பரிந்துரைக்கும் முன்னர், கேட்பவர் ஏற்கெனவே எதைச் சுமந்து நிற்கிறார் என்பதை அவர் வீட்டுக்குச் சென்று கண்டுவருவார்களாக. இவ்வொழுங்கை நாம் பின்பற்றியிருப்போமாயின், ஓர் எளிய விசுவாசி தம்மைத் தாமே குறைகூறிக்கொண்டு கழித்த அந்தச் சில மாதங்கள் தவிர்க்கப்பட்டிருக்கும்.